ஹெட்லைட் கிட் வாங்கும் முன் சுவரில் ஒருமுறை லைட் அடித்துப் பாருங்கள்

கேள்வி: என் கார் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. ஹெட்லைட்டில் இருப்பது ஹெச்4 ஹாலஜன் பல்பு. வேலை காரணமாக அடிக்கடி இரவில் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டியிருக்கிறது. டிம்மில் போனால் முன்னால் ஒன்றுமே தெரிவதில்லை. போன வருடம் ஒரு எல்இடி கிட் மாட்டினேன். முதல் நாள் பகல் மாதிரி இருந்தது. ஆனால் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் லைட்டை அடித்துக் காட்டினார்கள், ரேடியோவில் இரைச்சல் வந்தது, ஐந்தாவது மாதம் ஒரு பக்கம் மினுக்க ஆரம்பித்து அணைந்தே போனது. இப்போது பழைய ஹாலஜனுக்கே திரும்பிவிட்டேன். நண்பர் ஒருவர் தன் காரிலிருந்து கழற்றிய 6000 கெல்வின் நிறத்து ஹெச்ஐடி கிட்டை (இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் விளக்கு) சும்மாவே தருகிறேன் என்கிறார். கடைக்காரரோ 20,000 லூமன் எல்இடி எடுங்கள் என்கிறார். நம்பி வாங்கக்கூடிய கிட் எது? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:

எதிரே வருகிறவர்கள் லைட் அடித்துக் காட்டினார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. அவர்கள் கண்ணில் போய் விழுந்த வெளிச்சம் உங்கள் சாலையில் விழுந்திருக்க வேண்டியது. கிட் ஐந்து மாதம் ஓடியதா ஐந்து வருடம் ஓடியதா என்பது அதற்கு அடுத்த கேள்விதான். தப்பான இடத்தில் வெளிச்சம் அடிக்கும் பல்பு பத்து வருடம் உழைத்தாலும் அதை நம்பகமான கிட் என்று நான் சொல்ல மாட்டேன்.

இது புரிய, கையில் இருக்கும் பழைய ஹெச்4 பல்பை அடிப்பாகத்தைப் பிடித்து எடுத்துப் பாருங்கள் (கண்ணாடியைத் தொடாதீர்கள், விரலில் உள்ள எண்ணெய்ப் பசை சூட்டில் கண்ணாடியைக் கெடுத்துவிடும்). உள்ளே இரண்டு இழைகள் தெரியும். நுனிப் பக்கம் இருப்பது டிம்முக்கு, அடிப்பக்கம் இருப்பது பிரைட்டுக்கு. நுனிப் பக்க இழைக்குக் கீழே சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கிறதா? டிம் எரியும்போது அந்த இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் (பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான குழிந்த பரப்பு) கீழ்ப்பாதிக்குப் போகாமல் தடுப்பது அதுதான். மேல்பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. அதனால்தான் டிம் வெளிச்சத்துக்கு மேலே ஒரு கோடு போட்ட மாதிரி எல்லை வருகிறது. கட்-ஆஃப் என்று சொல்வது அந்தக் கோட்டைத்தான். ஹெட்லைட்டை வடிவமைத்தவர் அந்த இழை எங்கே இருக்கும், எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்பதை மில்லிமீட்டர் அளவில் வைத்துக்கொண்டுதான் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவையும் கணக்குப் போட்டிருக்கிறார்.

இப்போது அதே இடத்தில் எல்இடி வருகிறது. இழை எல்லாப் பக்கமும் சுற்றி வெளிச்சம் தரும். எல்இடி சிப் ஒரு பலகையின் இரண்டு பக்கமும் ஒட்டிய தட்டையான துண்டு, அது தன் முகம் பார்க்கும் திசையில்தான் வெளிச்சம் தரும். சிப் இருக்கும் இடம் பழைய இழையின் இடத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலோ, நடுப்பலகை தடியாக இருந்து இரண்டு பக்கச் சிப்களும் தள்ளித் தள்ளி நின்றாலோ, ரிஃப்ளெக்டருக்கு அது வேறு விளக்கு. கட்-ஆஃப் கலைந்துவிடும். வெளிச்சத்தின் ஒரு பகுதி மேலே போகும். இன்னொரு பகுதி வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரத்திலேயே கொட்டிவிடும். முதல் நாள் உங்களுக்குப் பகல் மாதிரி இருந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியால்தான். பானட்டுக்கு முன்னால் சாலை பளிச்சென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கும், தூரத்தில் இருப்பது இன்னும் இருட்டாகத் தெரியும். ஓட்டுகிறவருக்கோ நன்றாகத் தெரிகிற மாதிரியே இருக்கும். இந்த ஏமாற்றத்தால்தான் மோசமான கிட்டுகளுக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

சரி, அப்படியானால் எல்இடியே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. இழையின் அளவிலேயே சிப் வைத்து, பலகையை மெல்லியதாக்கி, ஹெச்4 என்றால் அந்தச் சின்னக் கிண்ணத்தையும் சரியான இடத்தில் வைத்துச் செய்கிற பல்புகள் இருக்கின்றன. பெயர் பெற்ற பல்பு நிறுவனங்கள் இதில் நிறைய உழைத்திருக்கின்றன. ஆனால் அவையும் எல்லா ஹெட்லைட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்று எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி முதன்முதலில் 2020-இல் கிடைத்தது, ஆஸ்ராம் நிறுவனத்தின் ஹெச்7 பல்புக்கு. அதுவும் எல்லாக் காருக்கும் இல்லை. எந்தெந்த மாடலின் ஹெட்லைட்டில் பொருத்திச் சோதித்தார்களோ அந்தப் பட்டியலில் உள்ள வண்டிகளுக்கு மட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருந்தால் எந்தக் காரிலும் சோதிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சோதித்த மாடல்களின் பட்டியலைத் தானே வெளியிடுகிற நிறுவனத்தின் பல்பு, அந்தப் பட்டியலில் உங்கள் காரின் பெயர், வருடம், ஹெட்லைட் வகை மூன்றும் இருந்தால், யோசிக்கலாம்.

உங்கள் ஹெட்லைட்டின் வெளிக்கண்ணாடியில் ஓரமாகப் பொடி எழுத்தில் சில குறிகள் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் ஹெச்-சி-ஆர் போன்ற எழுத்துகளும் இருந்தால், அது ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளின்படி சோதித்த ஹெட்லைட். ஹெச் என்றால் ஹாலஜன், சி என்றால் டிம், ஆர் என்றால் பிரைட். ஹெச்-சி-ஆர் என்றால் டிம், பிரைட் இரண்டுக்கும் ஹாலஜனை வைத்துச் சோதித்தது. ஹெச்ஐடிக்காகச் செய்ததில் ஹெச் இருக்கும் இடத்தில் டி எழுத்து இருக்கும். வட்டத்துக்குள் இருக்கும் எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, இப்படி. கடைக்காரர் எவ்வளவு பேசினாலும் உங்கள் ஹெட்லைட் எந்த விளக்குக்காகச் செய்யப்பட்டது என்பதை இந்த எழுத்துகள் சொல்லிவிடும்.

இதே ஈ குறி கிட் பெட்டியிலும் இருக்கும், அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குறிக்குப் பக்கத்தில் 10-ஆர் என்று தொடங்கும் எண் இருந்தால், அது மின்காந்தக் குறுக்கீடு பற்றிய 10-ஆம் எண் விதிக்கான சான்று. அதாவது இந்தப் பொருள் வண்டியின் மற்ற மின்கருவிகளைத் தொந்தரவு செய்யாது என்கிற அளவுக்குத்தான் அதற்குப் பொருள். வெளிச்சம் எங்கே விழும் என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாதாரண இழை பல்புகளுக்கான விதியின் எண் 37, ஹெச்ஐடி பல்புகளுக்கு 99. சி-ஈ குறி, நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுக்கான ரோஸ் (RoHS) குறி என்று போட்டிருப்பவை ஹெட்லைட் அனுமதியே இல்லை. உங்கள் பழைய கிட் ரேடியோவில் இரைச்சல் கிளப்பியது என்றால், அதன் பெட்டியில் 10-ஆர் குறி இருந்திருந்தாலும் அதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

இனி அந்த 20,000 லூமனுக்கு வருவோம். லூமன் என்பது பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பல்பு சூடேறி நிதானத்துக்கு வந்த பிறகு, இந்த மாதிரி எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தந்தாலே நல்லது. இரண்டு பல்பும் சேர்த்து 20,000 லூமன் என்றால் ஒவ்வொன்றும் 100 வாட் இழுக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது எட்டு ஆம்பியருக்கு மேல். உங்கள் ஹாலஜன் பல்பே ஐந்து ஆம்பியரை ஒட்டித்தான் இழுக்கிறது. நாணயம் அளவுக்கு ஒரு விசிறியை வைத்துக்கொண்டு 100 வாட் சிப்பைக் குளிர்விப்பது நடக்காத காரியம். கடையில் கிளாம்ப் மீட்டர் இருந்தால் வயரில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு ஆம்பியர் காட்டும், அதாவது 25 வாட்டை ஒட்டி. அது மோசமான எண் இல்லை, ஒழுங்காகச் செய்த பல்பு அந்த 25 வாட்டில் வேலையை முடித்துவிடும். ஹெச்4 ஹாலஜனுக்கு விதி கேட்பதே டிம்மில் சுமார் 1,000 லூமன், பிரைட்டில் சுமார் 1,650 லூமன்தான். அந்த 1,000 லூமனை ஒழுங்காகச் சாலையில் போட்டாலே டிம்மில் சௌகரியமாக ஓட்டலாம். பெட்டியில் பொய் எண் போடுகிற நிறுவனம் சிப்பின் ஆயுளைப் பற்றி மட்டும் உண்மை சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே லூமன் எண் பெரிதாக இருக்க இருக்க அந்தப் பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடக் காரில் டிம் மங்கலாக இருக்கிறது என்றால், நான் கிட்டை யோசிப்பதற்கு முன் இருப்பதை அளந்து பார்ப்பேன். புதிதாக இருந்தபோது இந்த ஹெட்லைட் தந்த வெளிச்சம் இப்போது வருவதே இல்லை, அதற்குக் காரணங்கள் பல.

முதலில் வோல்டேஜ். ஹாலஜன் பல்பு இதில் ரொம்ப ரோஷக்காரன்: வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் மடமடவென்று குறையும். 13.2 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் போனால் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும். 11.5 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரைப் பாட்டரியின் இரண்டு முனைகளிலும் வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அப்புறம் பல்பு கனெக்டரின் பின்பக்கமாக முனையைச் செருகி, விளக்கு எரியும்போதே அளவெடுங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ மின்சாரம் விரயமாகிறது. பாசிட்டிவ் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் காலிலும் இன்னொன்றைப் பாட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் பாடியோடு முறுக்கிய எர்த் போல்ட்டுக்கடியில் துருப்பிடித்து, பாதி இழப்பு அங்கேயே நடக்கும். நாலைந்து நிமிடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தீர்கிற வேலை.

ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் போகிற வண்டி என்றால், பாட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், ஃபியூஸ், ரிலே (சின்ன மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) வைத்து ஒரு தனி ஹார்னஸ், அதாவது வயர்த் தொகுப்பு, போடுவது இந்த மாதிரி வண்டிக்குச் செய்யக்கூடிய மிக நல்ல காரியம். சுவிட்சுக்கு ரிலேயை இயக்குவதோடு வேலை முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் பல்புக்குப் பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் இணைக்கும். அதைப் பார்க்காமல் ஹார்னஸ் மாட்டினால் பிரைட் வேலை செய்யாது. வயரிங் செய்கிறவரிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள்.

அடுத்தது வெளிக்கண்ணாடி. கண்ணாடி என்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் நின்று நின்று மேல்பூச்சு உரிந்து மஞ்சளாகும். மஞ்சள் படிந்த கண்ணாடி வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்காது, நாலாபக்கமும் சிதறடிக்கும். அதற்குப் பின்னால் எந்தக் கிட் போட்டாலும் எதிரே வருகிறவர் கண் கூசத்தான் செய்யும். தண்ணீர் விட்டு 800, 1500, 2000, 3000 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றித் தேய்த்துப் பாலிஷ் போடலாம். ஆனால் கடைசியில் புறஊதா தடுக்கும் பூச்சு அடித்தே ஆக வேண்டும். அதை விட்டால் சில மாதத்திலேயே பழையபடி மஞ்சளாகிவிடும். பற்பசை போட்டுத் தேய்ப்பதும் இதே கதைதான்.

பல்பைக் கழற்றி உள்ளே ரிஃப்ளெக்டரையும் பாருங்கள். அலுமினியப் பூச்சு வெள்ளி மாதிரி மின்ன வேண்டும். பல்புக்கு மேலே புகைபிடித்தது போலவோ சாம்பல் பூத்தது போலவோ இருந்தால் அந்த ஹெட்லைட்டே மாற்ற வேண்டியது, பல்பு மாற்றி ஒன்றும் ஆகாது. துணி விட்டுத் துடைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும், அந்தப் பூச்சு துடைத்தாலே வந்துவிடும். 100/90 வாட் பல்பு எப்போதாவது போட்டிருந்தால் இந்தக் கருகலும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகியிருப்பதும் சகஜம்.

பிறகு புது ஹாலஜன் பல்பு, இரண்டு பக்கமும் ஒரே நாளில். பழசாகிற பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்து வெளிச்சம் இறங்கும், நமக்கு அது மெல்ல மெல்ல நடப்பதால் தெரியாது. 150 சதவீதம் கூடுதல் வெளிச்சம் என்று விற்கும் ஹாலஜன்கள் உண்டு. அந்த எண் மொத்த வெளிச்சத்துக்கு இல்லை, சாலையில் ஒரு சில புள்ளிகளில் விதி கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டது. ஆனாலும் நல்ல நிறுவனத்தின் இந்த வகைப் பல்புகள் உண்மையிலேயே கொஞ்சம் தூரம் காட்டும். இழையைக் கூடுதல் சூட்டில் எரிப்பதால் ஆயுள் குறைவு, அடிக்கடி மாற்ற வேண்டும். நீல நிறக் கண்ணாடி போட்ட ஹாலஜனை மட்டும் தொடாதீர்கள். நீலம் என்பது வடிகட்டி, வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

கடைசியாக, குறி, அதாவது வெளிச்சம் எந்த உயரத்தில் போய் விழுகிறது என்பது. இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். சமதளத்தில் ஒரு சுவருக்கு எதிரே, ஹெட்லைட்டிலிருந்து சரியாகப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். டாஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்கும் உருளை இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். தரையிலிருந்து ஹெட்லைட்டின் மையம் எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் போட்டால் கட்-ஆஃப் அந்தக் கோட்டுக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அதுதான் 1 முதல் 1.5 சதவீதச் சரிவு. உங்கள் ஹெட்லைட் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து சரிவு ஒரு சதவீதம் என்றால், கட்-ஆஃப் தரையைத் தொடுவது 65 மீட்டர் தள்ளி. அதே இரண்டு சதவீதமாக இறங்கியிருந்தால் 32 மீட்டரிலேயே முடிந்துவிடும். முன்னால் ஒன்றும் தெரிவதில்லை என்று நீங்கள் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருக்கலாம். மறுபக்கமும் பாருங்கள்: ஒரு டிகிரி மேலே தூக்கியிருந்தால் 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 87 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும், அது நேராக எதிர் ஓட்டுநரின் முகம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பித்தான் இதைச் சரி செய்வது. வேலை முடிந்ததும் சுவரை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிட் மாட்டினால் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

இத்தனையும் செய்த பிறகு, கிட்டே வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர்கள் உண்டு. உங்களுக்கு இன்னும் வேண்டும் என்றால் எல்இடியில் பார்க்க வேண்டியவை இவை.

உங்கள் கிட்டைக் கொன்றது பெரும்பாலும் சூடு. எல்இடி முன்பக்கம் சூடாகாது, சூடு முழுவதும் பின்னால் வருகிறது. அங்கே ஒரு ஹீட் சிங்க், அதில் விசிறி, பக்கத்தில் எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் என்கிற சின்னப் பெட்டி. எஞ்சின் பக்கம் ஏற்கெனவே கொதிக்கிறது, அதில் ஹெட்லைட்டின் ரப்பர் மூடியையும் போட்டு மூடினால் காற்று எங்கிருந்து வரும்? விசிறி தூசி பிடித்து நின்றுவிட்டால் நல்ல டிரைவர் தானாகவே மின்சாரத்தைக் குறைத்துச் சிப்பைக் காப்பாற்றும். மட்டமானது அப்படியே எரித்துவிடும். மினுக்கல் பெரும்பாலும் டிரைவரின் கடைசி மூச்சு. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது: சூடு கூடினால் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறதா, டிரைவர் தனியாக மாற்றக்கூடியதா, தூசி, தண்ணீர் தாங்கும் மதிப்பு என்ன (ஐபி67 என்று இருந்தால் நல்லது). கடையில் வைத்து ஒரு சோதனையும் செய்யலாம். பல்பைப் போட்டவுடன் சுவரில் வெளிச்சத்தை ஃபோனின் லக்ஸ் அளக்கும் செயலியால் அளந்துகொள்ளுங்கள், அரை மணி நேரம் எரியவிட்டு அதே இடத்தில் மறுபடி அளவெடுங்கள். செயலியின் எண் துல்லியமாக இருக்காது, ஒப்பிடுவதற்குப் போதும். பாதியாக இறங்கினால் அந்தப் பல்பு முதல் ஐந்து நிமிடத்தைக் காட்டி விற்கச் செய்தது.

பின்னால் உள்ள இடத்தை வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். பாட்டரி பக்கத்து ஹெட்லைட்டில் பொதுவாக இடமே இருக்காது. இடமில்லை என்று ரப்பர் மூடியை வெட்டுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறி ரிஃப்ளெக்டர் கெடும், கெட்டால் மொத்த ஹெட்லைட்டும் செலவு. பல்பைக் கழுத்தில் திருப்பி நிறுத்தும் வளையம் இருக்க வேண்டும், சிப்கள் இடது வலதாகப் பார்க்க வேண்டும். மேலும் கீழுமாகப் பார்த்தால் வெளிச்சத்தின் உருவமே மாறிவிடும். மெக்கானிக் அவசரத்தில் மாட்டும்போது இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். ஒருவேளை உங்கள் பழைய கிட்டிலும் இது நடந்திருக்கலாம்.

ரேடியோ இரைச்சலுக்குக் காரணம் டிரைவர் உள்ளே வேகமாக ஆன் ஆஃப் ஆகும் சுவிட்ச், அதற்கான வடிகட்டியை மிச்சம் பிடித்திருப்பார்கள். வயரில் ஃபெரைட் வளையம் போட்டால் கொஞ்சம் குறையும். எரியாத பல்பு என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும் கார்களுக்குக் கேன்பஸ் டிகோடர் என்று ஒன்றைத் தருவார்கள். அதில் ரெசிஸ்டர் இருந்தால் அது அடுப்பு மாதிரி சுடும், பிளாஸ்டிக்கில் கட்டாமல் உலோகத்தில் திருகச் சொல்லுங்கள். உங்கள் கார் ஒன்பது வருடத்தது, அடிப்படை ஹெச்4 என்பதால் இது அனேகமாகத் தேவைப்படாது.

நிறத்தைப் பற்றி இரண்டு வரி போதும். ஹாலஜன் சுமார் 3200 கெல்வின், கம்பெனியில் வரும் ஹெச்ஐடி சுமார் 4300. மழையில் ஓட்டுகிறவர் 6000-க்கு மேல் போகாதீர்கள். 8000 என்பது நீல வெளிச்சம், பார்ப்பதற்குப் பளபளப்பு, ஈரச் சாலையில் பிரயோஜனம் இல்லை.

நண்பரின் ஹெச்ஐடி கிட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது கெட்ட தொழில்நுட்பம் என்பதால் இல்லை. 35 வாட்டில் 3,200 லூமன் தருகிற டி2எஸ் போன்ற ஹெச்ஐடி பல்பு, லென்ஸ் வைத்த புரொஜெக்டர் ஹெட்லைட்டுக்குள் அருமையாக வேலை செய்யும். உங்கள் டிம்மில் அதே அளவு வெளிச்சம் என்றால் வடிவமைத்ததைப் போல மூன்று மடங்கு, அதில் தவறான இடத்துக்குப் போவதும் மூன்று மடங்கு. ஐ.நா. விதிகளில் 2,000 லூமனுக்கு மேல் தரும் டிம் விளக்கு என்றால் தானாக ஏறி இறங்கும் அமைப்பும் ஹெட்லைட்டைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று வைத்ததற்கும் இதுதான் காரணம். தவிர, பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், போட்டவுடன் முழு வெளிச்சம் வராது, பிரைட்டுக்கு ஹெச்4 கிட்டில் பல்பையே முன்னும் பின்னும் நகர்த்தும் ஒரு காந்தக் கருவி வைத்திருப்பார்கள், அது சிக்கிக்கொண்டால் டிம்மில் நிற்கிறதா பிரைட்டில் நிற்கிறதா என்றே தெரியாது. அந்த உயர் வோல்ட்டைத் தரும் பெட்டியான பழைய பல்லாஸ்ட் வேறு எத்தனை நாள் தாங்கும்?

சரியாக வேண்டும் என்றால் புரொஜெக்டர் மாற்றுவதுதான் வழி. பை-எல்இடி புரொஜெக்டர் என்று கேளுங்கள், டிம், பிரைட் இரண்டையும் அதுவே தரும். லென்ஸ், கட்-ஆஃப் தகடு, விளக்கு மூன்றும் ஒன்றாகவே வடிவமைத்தது, அதனால் வெளிச்சம் ரிஃப்ளெக்டரை நம்பி இருப்பதில்லை. ஹெச்4 ஓட்டையிலேயே பொருந்தும் சிறியவை உண்டு. இதில் பொருளைவிட மாட்டுகிறவர்தான் முக்கியம். ஹெட்லைட்டைச் சூடாக்கிப் பிரித்து, புரொஜெக்டரை நேராக நிறுத்தி, பியூட்டைல் பசை வைத்து மூட வேண்டும். கட்-ஆஃப் சாய்ந்து இருந்தால் மூடுவதற்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும், மூடிய பிறகு மறுபடி பிரிக்க வேண்டியதுதான். அவர் முன்பு செய்த வண்டியைச் சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மழைக்காலம் தாண்டிய வண்டியாக இருந்தால் உள்ளே பனி பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதைவிடச் சுலபமான ஒன்றும் உண்டு: உங்கள் மாடலின் உயர்ந்த வேரியண்டில் கம்பெனியே புரொஜெக்டர் ஹெட்லைட் கொடுத்திருந்தால் அதை அப்படியே வாங்கி மாட்டலாம். கனெக்டர் வேறாக இருக்கும், வயரை வெட்டாமல் அடாப்டர் செய்துகொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹாலஜனுக்கு அனுமதி பெற்ற ஹெட்லைட்டில் வேறு வகை விளக்கைப் போடுவது பல நாடுகளில் விதிமீறல். அமெரிக்காவின் 108-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதியிலும் ஹாலஜன் இடத்தில் மாற்று எல்இடிக்கு இடமில்லை. வண்டி தகுதிச் சோதனைக்குப் போகும்போதும், விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் வரும்போதும் இந்தப் பேச்சு வரும். உங்கள் ஊர் விதியை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆக, என் கையில் உங்கள் கார் இருந்தால் எர்த்தைச் சுத்தம் செய்து, ரிலே ஹார்னஸ் போட்டு, கண்ணாடியைத் தேய்த்து, நல்ல ஹாலஜன் ஜோடி மாட்டி, குறி வைத்து ஒரு மாதம் ஓட்டச் சொல்வேன். போதவில்லை என்றால் பை-எல்இடி புரொஜெக்டர். எல்இடி பல்பு, பட்டியலில் உங்கள் கார் இருந்தால் மட்டும். எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இன்றைக்கு மாட்டி, இரவு பத்து மீட்டரில் கட்-ஆஃப் சரியில்லை என்றால் நாளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? சரி என்றால் அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஹாலஜன் பல்புகளைத் தூக்கிப் போடாமல் அதே பெட்டியில் வைத்து டிக்கியில் போட்டு வையுங்கள். நடுவழியில் எல்இடி டிரைவர் பெட்டி போனால் அதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.